வீட்டுக்குள் ஒரு சிறு கடல்
கடல்நீர் மீன்தொட்டி அமைப்பதற்கான திட்டமும் பவளத்திட்டுகளின் பாதுகாப்பும்

உலகப் பெருங்கடல்களின் அடித்தளப் பரப்பில் பவளத்திட்டுகள் பெற்றிருக்கும் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. எனினும் கடல்வாழ் உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தம் வாழ்நாளின் ஏதேனும் ஒரு கட்டத்திலாவது இத்திட்டுகளை அண்டி வாழ்கின்றன. நம் நாட்டில் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, அந்தமான் நிக்கோபார்த் தீவுகள், இலட்சத் தீவுகள், கட்ச் வளைகுடா ஆகிய பகுதிகளில் பவளத்திட்டுகள் அமைந்துள்ளன. அவற்றின் வண்ணமும் வடிவமும் மனிதரைக் கவர்ந்ததன் விளைவே கடல்நீர் மீன்தொட்டி. கண்ணாடிச் சுவர்களுக்குள் கடலின் ஒரு சிறு பகுதியை உருவாக்கி, அதில் உயிர்களை நீண்ட காலம் வாழவைப்பது இன்று நகரவாழ் குடும்பங்களிலும் கல்வி நிலையங்களிலும் பரவிவரும் பொழுதுபோக்காகும்.

இப்பொழுதுபோக்கு இரு வேறு விளைவுகளைத் தரவல்லது. திட்டமின்றி நடைபெறுமாயின், அது பவளத்திட்டுகளிலிருந்து உயிர்களைப் பறித்துவந்து சில வாரங்களில் மடியச் செய்யும் வணிகமாக முடியும். முறையாக நடைபெறுமாயின், பொரிப்பகங்களில் பிறந்த மீன்களுக்குச் சந்தையை உருவாக்கி, கடலோரக் குடும்பங்களுக்கு வருவாய் தந்து, மாணவர்களுக்குக் கடலறிவையும் ஊட்டும். இவ்விரண்டில் எது நிகழும் என்பது தொட்டியில் நீர் நிரப்புவதற்கு முன்னரே எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்தது. அம்முடிவுகள் எவை என்பதையும், அவற்றின் பின்னுள்ள காரணங்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றுப் பின்னணி

பொதுமக்கள் காண்பதற்கான முதல் மீன்காட்சியகம் 1853இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ஆங்கிலேய இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ், கடல் உயிர்களைத் தொட்டியில் பேணும் முறை குறித்து நூல் ஒன்றை வெளியிட்டார். நம் நாட்டில் சென்னைக் கடற்கரையில் 1909இல் கடல்மீன் காட்சியகம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மும்பையின் தாராபூர்வாலா மீன்காட்சியகம் 1951இல் நிறுவப்பட்டது. கடலை ஒட்டி அமைந்த இத்தகைய காட்சியகங்களுக்குக் கடல்நீரைப் பெறுவது எளிது. கடலிலிருந்து தொலைவில் வாழும் ஒருவர் வீட்டில் இதனைச் செய்வது நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது.

இந்தோனேசியாவின் லீ சின் எங் என்பவர் 1961இல் வெளியிட்ட கட்டுரை ஒரு திருப்புமுனையாகும். கடலிலிருந்து எடுத்த பாறைகளையும் மென்மையான காற்றோட்டத்தையும் மட்டுமே கொண்டு, பவளங்களைத் தொட்டியில் வாழவைக்க இயலும் என அவர் காட்டினார். நீரைத் தூய்மையாக வைத்திருந்தவை பாறையின் நுண்துளைகளில் குடியிருந்த நுண்ணுயிர்களே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. செயற்கைக் கடலுப்பு, திறன்மிக்க நீர் இறைப்பிகள், எல்.ஈ.டி. விளக்குகள் ஆகியவை அடுத்தடுத்து வந்தபோது, கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலும் இத்தொட்டிகளை அமைப்பது எளிதாயிற்று.

முதற்படி: சட்டத்தை அறிதல்

வெளிநாடுகளில் பவளத்திட்டுத் தொட்டி என்பது உயிருள்ள பவளங்களை மையமாகக் கொண்டது. நம் நாட்டில் அந்த முறையை அப்படியே பின்பற்ற முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு திட்டு உருவாக்கும் கடினப் பவளங்கள், கரும்பவளம், கடல் விசிறி முதலியன சேர்க்கப்பட்டன. கடற்குதிரைகளும் அப்போதே பாதுகாப்புப் பெற்றன. முதல் அட்டவணையிலுள்ள உயிரினத்தைப் பிடிப்பதும் விற்பதும் மூன்று ஆண்டுகள் முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களாகும். உயிரற்ற பவளத் துண்டை அழகுப்பொருளாக விற்பதும் இச்சட்டத்தின் வரம்புக்குள் அடங்கும். உயிர்ப்பாறை என்ற பெயரில் கடலிலிருந்து எடுக்கப்படும் பாறை பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடே ஆதலால், அதனை எடுப்பதும் இதே தடைக்கு உட்பட்டது.

அயல்நாட்டுப் பவளங்களுக்கும் விதிகள் உண்டு. அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பிற்சேர்க்கையில் கடினப் பவளங்கள் இடம்பெற்றுள்ளன. வனவிலங்குச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம், இவ்வுடன்படிக்கையின் கீழ் வரும் அயல்நாட்டு விலங்குகளை உயிருடன் வைத்திருப்போர் அதனைத் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் எனக் கூறுகிறது. அதற்கான விதிகள் 2024இல் வெளியிடப்பட்டன.

இக்கடுமைக்கு வலுவான காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புத் தேவைக்காகப் பல பத்தாண்டுகள் பவளங்கள் வெட்டி எடுக்கப்பட்டன. அங்குள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைக்கப்பட்டது. 1989இல் இப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. எனினும் அத்தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. தீவுக்கு அரணாக நின்ற பவளத்திட்டு குறைந்தால் அலையின் வேகம் கரையைத் தாக்கும் என்பதை அவ்விரு தீவுகளும் உணர்த்துகின்றன.

எனவே, நம் நாட்டில் வீட்டுக்கோ பள்ளிக்கோ ஏற்ற தொட்டி என்பது, செயற்கைப் பாறைகளால் திட்டின் அமைப்பைக் காட்டி, பொரிப்பகத்தில் பிறந்த மீன்களையும் இறால்களையும் வாழவைக்கும் தொட்டியே. இதில் குறையேதும் இல்லை. நீரின் வேதியியலும் நுண்ணுயிர்களின் பணியும் மீன்களின் நடத்தையும் இதிலும் முழுமையாக வெளிப்படும்.

இடமும் எடையும்

சிறிய தொட்டி தொடக்கநிலையாளருக்கு எளிது என்பது பரவலான தவறான கருத்து. நீரின் அளவு குறையக் குறைய, அதன் வெப்பமும் உப்பும் விரைந்து மாறும். ஒரு மீன் இறந்தாலும் நீர் முழுவதும் கெட்டுவிடும். 200 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியில் தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியைக் கருதலாம். இதன் மொத்தக் கொள்ளளவு 270 லிட்டர். மேல்விளிம்பில் 5 செ.மீ. விட்டு, பாறைக்கும் மணலுக்கும் உரிய இடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 220 லிட்டர் நீர் நிற்கும். கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது ஆதலால், அந்நீரின் எடை 225 கிலோ. 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடி 55 கிலோ, பாறையும் மணலும் 50 கிலோ, தாங்குமேடை 40 கிலோ எனக் கொண்டால், மொத்தம் 370 கிலோ ஆகிறது. இது அரை சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதலான பரப்பின்மீது விழுகிறது. அதாவது, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 680 கிலோ. குடியிருப்பு அறைகளின் தளத்திற்கு இந்தியத் தர நெறிமுறை கணக்கில் கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ மட்டுமே. அது அறை முழுவதற்குமான கணக்கு என்பதால், தொட்டி வைத்ததும் தளம் இடிந்துவிடும் என்று பொருளில்லை. ஆயினும் மாடி வீடுகளில் அறையின் நடுவே வைப்பதைத் தவிர்த்து, உத்திரம் தாங்கும் சுவரை ஒட்டி வைப்பதும், பொறியாளர் ஒருவரின் கருத்தைக் கேட்பதும் இன்றியமையாதவை. தாங்குமேடை மட்டம் பிசகாமல் இருத்தல் வேண்டும். நேர் வெயில் விழும் சன்னலும் சமையலறைப் புகை வரும் இடமும் ஏற்றவை அல்ல.

நீர்: உப்பைக் கரைப்பதில் உள்ள நுட்பம்

ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. சோடியமும் குளோரைடும் இந்த உப்புகளில் பெரும்பங்கு பெற்றாலும், சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவையும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்துள்ளன. கடல் உயிர்களின் உடலியக்கம் இவ்விகிதத்தைச் சார்ந்தது. எனவே தொட்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் செயற்கைக் கடலுப்பே பயன்படுத்தப்பட வேண்டும். மேற்கண்ட தொட்டிக்கு ஏறத்தாழ 8 கிலோ உப்பு தேவைப்படும்.

உப்பைக் கரைக்கும் நீர் தூயதாய் இருத்தல் வேண்டும். குழாய்நீரிலுள்ள குளோரின் மீன்களின் செவுள்களைத் தாக்கும். செப்புக் குழாய்களிலிருந்து கசியும் செம்பு மிகச் சிறு அளவிலும் இறால், நத்தை போன்ற முதுகெலும்பற்ற உயிர்களுக்கு நஞ்சாகும். ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட்டும் பிற உப்புகளும் மிகுந்திருக்கக் கூடும். எனவே எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டிய நீரே பாதுகாப்பானது. கடலோரத்தில் வாழ்வோர் இயற்கைக் கடல்நீரைப் பயன்படுத்தலாம். ஆனால் ஆற்று முகத்துவாரம், துறைமுகம், கழிவுநீர் கலக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து விலகியும், மழைக்குப் பின் சில நாட்கள் தவிர்த்தும் எடுத்து, வடிகட்டிச் சில வாரங்கள் இருளில் வைத்திருந்த பின்னரே தொட்டியில் விடுதல் வேண்டும்.

உப்பின் அளவை ஒளிவிலகல்மானியால் அளப்பது நம்பகமானது. 25 பாகை செல்சியஸில் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை இருத்தல் நலம். தொடக்கநிலையாளர் பெரும்பாலும் தவறுவது நீர் ஆவியாகும்போதுதான். நீர் மட்டுமே ஆவியாகிறது. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியாகும் தொட்டியில், ஒரு வாரம் கவனிக்காது விட்டால் 21 லிட்டர் குறைந்து, உப்பின் அளவு 35 கிராமிலிருந்து 38 கிராமுக்கு மேல் உயர்ந்துவிடும். இந்நிலையில் உப்புநீரையே மேலும் ஊற்றினால் நிலைமை மோசமாகும். ஆவியான இழப்பை நன்னீரால் மட்டுமே, அதுவும் நாள்தோறும் ஈடுசெய்தல் வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத பணியாளர்கள்

தொட்டி அமைப்பவரின் பொறுமை சோதிக்கப்படுவது நீர் நிரப்பிய பின்னரே. மீன்கள் தம் செவுள்கள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. எஞ்சிய உணவு அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. கடலின் பரப்பில் இது நீர்த்துப் போகிறது. தொட்டியில் தேங்கி நஞ்சாகிறது. இங்கு ஒரு வேதியியல் உண்மை கவனிக்கத்தக்கது. அம்மோனியாவின் இரு வடிவங்களில் மீனுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பது அயனியாகாத வடிவமே. நீரின் காரத்தன்மை கூடினால் இவ்வடிவத்தின் பங்கு கூடும். கடல்நீரின் பி.எச். மதிப்பு 8.2 அளவில் இருப்பதால், பி.எச். 7 உள்ள நன்னீரைக் காட்டிலும் இங்கு அதன் பங்கு ஏறத்தாழ பத்து மடங்கு. நன்னீர் மீன் தாங்கிக்கொள்ளும் கவனக்குறைவைக் கடல்மீன் தாங்காது என்பதன் காரணம் இதுவே.

இந்நஞ்சை அகற்றுவோர் பாக்டீரியாக்கள். ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, நைட்ரைட்டும் நஞ்சே. வேறொரு வகை அதனைப் பெரிதும் தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றுகிறது. பாறையின் உட்புறத்தில் உயிர்வளி குறைந்த நுண்துளைகளில் வாழும் மூன்றாம் வகை, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகிறது. இப்பாக்டீரியாக்கள் மெதுவாகவே பெருகுவதால், புதிய தொட்டி முதிர்ச்சியடைய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அக்காலத்தில் மீன் எதுவும் இன்றி, அளவோடு அம்மோனியாவைச் சேர்த்து, சோதனைத் திரவங்களால் நாளும் அளந்துவருதல் முறை. முதலில் அம்மோனியா உயர்ந்து தாழும். பின் நைட்ரைட் உயர்ந்து தாழும். இறுதியில் இரண்டும் சுழியாகி நைட்ரேட் மட்டும் தென்படும். அந்நாளே மீன்களை வரவேற்கத் தகுந்த நாள். மாணவர்களுக்கு இந்த ஆறு வார அளவீடுகளை வரைபடமாக்குவது நைட்ரஜன் சுழற்சியைக் கற்பிக்கும் சிறந்த செயல்முறைப் பாடமாக அமையும்.

செயற்கைப் பாறை நுண்துளைகள் நிறைந்ததாக இருத்தல் வேண்டும். சுட்ட களிமண்ணாலும், சிமெண்டும் சிப்பி ஓட்டுத் துகளும் கலந்தும் இதனைச் செய்கின்றனர். சிமெண்டால் செய்தவற்றைப் பல வாரங்கள் நன்னீரில் ஊறவைத்து, அடிக்கடி நீரை மாற்றி, காரத்தன்மை அடங்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும். பாறைகளைச் சுவரைப்போல் அடுக்காமல், இடையே நீரோட்டம் புகுமாறு குகைகளாக அமைத்தல் நலம்; மீன்களுக்கு மறைவிடமும் கிடைக்கும். மணல் இடுவதற்கு முன்னரே பாறைகளைத் தொட்டியின் அடித்தளத்தில் உறுதியாக அமர்த்திவிட வேண்டும். இல்லையேல் மீன்கள் மணலைத் தோண்டும்போது பாறை சரிந்து கண்ணாடியை உடைக்கக் கூடும்.

வெப்பமும் மின்தடையும்

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் நீரைச் சூடேற்றும் கருவிகளைப் பற்றியே மிகுதியும் பேசுகின்றன. நம் நாட்டின் பெரும்பகுதியில் சிக்கல் இதற்கு நேர்மாறானது. தொட்டிநீரை 24 முதல் 27 பாகை அளவில் வைத்திருத்தல் நன்று. ஆனால் கோடையில் அறையின் வெப்பமே 35 பாகையைத் தாண்டுகிறது. குளிர்விப்பான் கருவி விலை உயர்ந்தது, மின்சாரமும் மிகுதியாக இழுப்பது. நீர்ப்பரப்பின்மீது சிறு மின்விசிறியைச் சுழலவிடுவது எளிய வழி. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது 2,400 கிலோ ஜூலுக்கு மேற்பட்ட வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 220 லிட்டர் தொட்டியை ஏறத்தாழ 2.7 பாகை குளிர்விக்க இது போதுமானது. வெளியிலிருந்து வெப்பம் தொடர்ந்து வருவதால் நடைமுறைப் பயன் சற்றுக் குறையும். தில்லி, நாகபுரி போன்ற வறண்ட கோடை நிலவும் நகரங்களில் இம்முறை நன்கு உதவும். ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரங்களில் இதன் பயன் குறைவே.

மின்தடை இரண்டாவது இடர். நீர் இறைப்பிகள் நின்றால் உயிர்வளி நீரில் கலப்பது குறைகிறது. 25 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் 8 மில்லிகிராமுக்கு மேல் உயிர்வளியைக் கொள்ளும். அதே வெப்பத்தில் கடல்நீர் 7 மில்லிகிராமுக்கும் குறைவாகவே கொள்ளும். வெப்பம் உயர்ந்தால் இது மேலும் குறையும். கோடைப் பகலில் நேரும் நீண்ட மின்தடையே பல தொட்டிகளின் அழிவுக்குக் காரணமாகிறது. மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பது, விலையுயர்ந்த வேறெந்தக் கருவியையும்விட முதன்மையானது.

உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஆகவே நிலத்தொடர்பு உள்ள இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனமும் கட்டாயம் தேவை. மின்கம்பிகள் செருகிக்கு வருமுன் கீழ்நோக்கி வளைந்து பின் மேலேறுமாறு அமைந்தால், கம்பி வழியே வழியும் நீர்த்துளி செருகியை அடையாமல் கீழே சொட்டிவிடும். பள்ளிகளில் தொட்டி அமைக்கும்போது இவ்விரு ஏற்பாடுகளையும் பொறுப்பு அலுவலர் நேரில் சரிபார்த்தல் வேண்டும்.

வெப்பம் குறித்த இப்பாடம் கடலுக்கும் பொருந்தும். பவளத்தின் திசுக்களில் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் உணவு தயாரித்து அதற்கு வழங்குகின்றன. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடுதலான வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு முறிந்து, பாசிகளை இழந்த பவளம் வெளிறிவிடுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்தியக் கடல்களில் பெரும் வெளிறல் நிகழ்ந்தது. 2024இல் இலட்சத் தீவுகளில் மீண்டும் கடுமையாக நேர்ந்தது. தொட்டியில் ஒரு பாகைக்காக மின்விசிறி வைப்பவருக்கு, கடலில் ஒரு பாகை கூடினால் என்ன நிகழும் என்பதை விளக்கவேண்டிய தேவை இராது.

உயிரினங்களைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கநிலையாளருக்கு மிகவும் ஏற்றது கோமாளி மீன் இணை. இது பொரிப்பகங்களில் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்யப்பட்டுவருவது. உலர் உணவை ஏற்பது. நன்கு பேணினால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழ்வது. கடலில் இது கடல் சாமந்தியுடன் கூடி வாழ்ந்தாலும், தொட்டியில் அஃதின்றியே நலமாக வாழும். கடல் சாமந்திக்கு வலிமையான ஒளியும் முதிர்ந்த தொட்டியும் தேவையாதலால் புதியவர்கள் அதனைத் தவிர்ப்பது நலம். பவளங்கள் இல்லாத தொட்டிக்கு மிகுந்த ஒளி வேண்டியதில்லை; நாளொன்றுக்கு 8 மணி நேரம் போதும். அதற்கு மேற்பட்ட ஒளி வேண்டாத பாசியையே வளர்க்கும்.

ஒரே நாளில் பல மீன்களை விடுதல் கூடாது. மீன்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவே பாக்டீரியாக்கள் பெருகும். ஆகவே ஓரிரு மீன்களாக, சில வார இடைவெளியில் சேர்ப்பதே முறை. புதிதாக வரும் மீனைத் தனித்தொட்டியில் நான்கு வாரமேனும் வைத்திருந்து கவனித்தல் வேண்டும். வெண்புள்ளி நோய் போன்ற ஒட்டுண்ணி நோய்கள் தொட்டிக்குள் புகுந்துவிட்டால், அவற்றை நீக்கப் பயன்படும் செம்பு மருந்து இறால்களையும் நத்தைகளையும் கொன்றுவிடும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய முதற் கேள்வி, மீன் எங்கே பிறந்தது என்பது. தென்கிழக்கு ஆசியக் கடல்களில் மீன்களை மயக்கிப் பிடிக்கச் சயனைடு தெளிக்கும் வழக்கம் 1960களில் தொடங்கியது. அது சுற்றியுள்ள பவளங்களையும் கொல்லும். அவ்வாறு பிடிபடும் மீன்கள் வெளித்தோற்றத்தில் நலமாகத் தெரிந்தாலும் பின்னர் மடிந்துவிடுவதுண்டு. பல இனங்களைப் பொரிப்பகத்தில் வளர்ப்பது இன்னும் கடினமாகவே உள்ளது. புகழ்பெற்ற நீலநிற டாங் மீனைச் செயற்கைச் சூழலில் வளர்த்தெடுக்க முடிந்தது 2016இல்தான்.

வளர்க்க இயலாத மீனைக் கடலில் விட்டுவிடுவது கருணையாகத் தோன்றலாம், அது பெருந்தீங்கு. இந்தோ–பசிபிக் கடலுக்குரிய சிங்கமீன் 1985இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்களெனக் கருதப்படும் இம்மீன்கள், இன்று கரீபியன் கடல் எங்கும் பரவி உள்ளூர் மீன்குஞ்சுகளை அழித்துவருகின்றன.

நாள்தோறும் செய்யவேண்டியவை

பராமரிப்புக்குத் தேவை ஒழுங்கே. நாள்தோறும் மீன்களை எண்ணிப் பார்த்தல், வெப்பத்தைக் குறித்தல், ஆவியான நீரை நன்னீரால் ஈடுசெய்தல், இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே உணவிடுதல் ஆகியன போதும். வாரத்திற்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் வேண்டும். மேற்கண்ட தொட்டிக்கு இது 22 லிட்டர் நீரும் ஏறத்தாழ 800 கிராம் உப்பும் ஆகும். மாற்றுநீரை முன்னாளே கலக்கி, உப்பும் வெப்பமும் தொட்டிநீருக்கு இணையாக இருப்பதை உறுதிசெய்த பின்னரே சேர்க்க வேண்டும். நுண்குமிழிகளில் கழிவுகளை ஒட்டவைத்து நீக்கும் புரத நீக்கிக் கருவி இருந்தால் அதன் கிண்ணத்தையும் கழுவுதல் வேண்டும். இவ்வளவீடுகள் அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் பதிவு செய்துவந்தால், மீன் நோயுறுவதற்கு முன்பே நீரின் மாற்றம் தெரிந்துவிடும்.

பொரிப்பகமும் வாழ்வாதாரமும்

தொட்டியின் தேவையைக் கடலுக்குச் சுமையாக்காமல் நிறைவேற்றும் வழி, பொரிப்பகமே. 1947இல் தொடங்கப்பட்டு, இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோமாளி மீன், டாம்செல் மீன் வகைகள் பலவற்றிற்கு இனப்பெருக்கத் தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையமும் இத்துறையில் பணியாற்றியுள்ளது.

கோமாளி மீனின் உயிரியல் இத்தொழிலுக்குத் துணைநிற்கிறது. எல்லாக் குஞ்சுகளும் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது. எனவே இரு இளம்மீன்களைச் சேர்த்து வைத்தாலே காலப்போக்கில் ஓர் இணை உருவாகிவிடும். பாறையிலோ ஓட்டுத் துண்டிலோ இடப்படும் முட்டைகளை ஆண்மீன் விசிறிக் காக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில், இருள் சூழ்ந்தபின் முட்டைகள் பொரிக்கும். குஞ்சுகளுக்கு முதலில் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரியும், பின்னர் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் இளவுயிரியும் உணவாகின்றன. இரு வாரங்களுக்குள் அவை உருமாறி, வண்ணக் கோடுகளுடன் மீன் வடிவம் பெறுகின்றன. இதன்பின் விற்பனைக்கேற்ற அளவுக்கு வளர்க்கச் சில மாதங்கள் ஆகும்.

கடினமான முதற்கட்டத்தை ஆராய்ச்சி நிலையம் ஏற்று, வளர்ப்புக் கட்டத்தைக் கடலோரக் குடும்பங்களிடம் ஒப்படைப்பது நடைமுறைக்கு உகந்த ஏற்பாடு. இலட்சத் தீவுகளின் அகத்தியில், தேசிய மீன் மரபணு வள மையத்தின் வழிகாட்டுதலில் உள்ளூர்ப் பெண்கள் அலங்கார இறால்களை வளர்த்துவருவது இதற்குச் சான்று. 2020இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டம், வீட்டுப்புற அலங்கார மீன் வளர்ப்பு அலகுகளுக்கு இடமளித்தது. பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியமாக அதில் வகுக்கப்பட்டது. பெரும் நிலப்பரப்போ நீர்ப்பரப்போ தேவைப்படாத தொழில் இது. மீன்பிடித் தடைக்காலத்திலும் வருவாய் தரவல்லது.

இடர்ப்பாடுகளும் இல்லாமலில்லை. கடலிலிருந்து பிடித்த மீன் குறைந்த விலைக்குக் கிடைக்குமிடத்தில், பொரிப்பக மீன் போட்டியிட முடியாது. இரண்டையும் வாங்குபவர் வேறுபடுத்தி அறிய உதவும் பிறப்பிடச் சான்று இத்துறைக்கு இன்றியமையாதது. மீன்வளத் துறை அலுவலர்களும் வனத்துறை அலுவலர்களும் இணைந்து செயற்படும் இடங்களில், சட்டம் தடுப்பதோடு நில்லாமல், சட்டத்துக்குட்பட்ட மாற்று வழியையும் காட்டமுடியும். பவளம் எடுப்பதைக் கைவிட்ட குடும்பத்திற்கு வேறு தொழில் கிடைத்தால்தான் அத்தடை நிலைத்து நிற்கும்.

முடிவுரை

நன்கு திட்டமிடப்பட்ட கடல்நீர்த் தொட்டி, அதனைப் பேணுபவருக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. 220 லிட்டர் நீரைச் சமநிலையில் வைத்திருக்க நாள்தோறும் உழைப்பும் அளவீடும் மின்சாரமும் தேவைப்படுகின்றன. அதே பணியைக் கடல் எவ்விதக் கட்டணமுமின்றிச் செய்துவருகிறது. ஒருமுறை குலைந்த சமநிலையை மீட்பது தொட்டியிலேயே கடினமெனில், கடலில் அது எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பொரிப்பக மீன்களும் செயற்கைப் பாறையும் கொண்டு அமையும் ஒவ்வொரு தொட்டியும் ஒரு கடலோரக் குடும்பத்தின் உழைப்புக்குச் சந்தையாகிறது. கடலிலிருந்து பறித்த உயிர்களால் நிரம்பும் தொட்டியோ, அக்குடும்பத்தின் வருங்கால வாழ்வாதாரத்தையே குறைக்கிறது. தொட்டியை வாங்கச் செல்பவர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு செல்வாராயின், பவளத்திட்டுகளைக் காக்கும் பணியில் அவரும் பங்கேற்றவராவார்.